கை நடுங்கட்டும்

மனநல மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டுக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. ஆட்டோக்காரர் கேட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டுக்கு விலாசம் சரிபார்க்க வந்த போலீஸ்காரர் கேட்டிருக்கிறார். என்னோடு படித்து இன்று பெரிய எலும்பு மருத்துவமனைகளில் இருப்பவர்கள் இன்னமும் கேட்கிறார்கள்: "அங்க யாருக்குக் கால் உடைஞ்சிருக்கு?" ஆரம்பத்தில் பொறுமையாக விளக்குவேன். இப்போது, "மனசு சரியில்லாதவங்களுக்கும் உடம்பு இருக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் அவ்வளவுதான். மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாதவர்களின் இடுப்பும் முழங்காலும் இறுகிப்போகின்றன. எந்நேரமும் பயத்தில் இருப்பவர்களுக்குத் தோள்கள் காதுவரை ஏறி நின்றுவிடும். மூச்சு நெஞ்சின் மேல்பாதியைத் தாண்டி இறங்காது. மாத்திரைகள் சிலருக்கு எடையைக் கூட்டும், சிலருக்கு நடையைக் குறுக்கும், சிலருக்குக் கையை நடுங்கவைக்கும். மாத்திரை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதைத் தாங்குகிற உடம்பையும் ஒருவர் கவனிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அந்த ஒருவர் நான்.

தில்லியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் என் அறை தரைத்தளத்துக்கும் கீழே, சலவை செய்த படுக்கை விரிப்புகளை அடுக்கிவைக்கும் அறையை ஒட்டி இருக்கிறது. தரையில் விரிக்கும் மெத்தைகள், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் ஒன்று, பல எடைகளில் பந்துகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குத் திரை போட்டிருக்கிறேன். தங்களைப் பார்த்துக்கொள்ளப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். வார்டு ஊழியர்களுக்கு நான் 'பி.டி. மேடம்'. பள்ளிக்கூடத்தில் விசில் ஊதுகிறவர் என்ற நினைப்பு.

என் அம்மாவே பல வருடம் சொந்தக்காரர்களிடம் நான் எலும்புப் பிரிவில் இருப்பதாகத்தான் சொல்லிவந்தாள். ஏன் என்று கேட்டால், "எதுக்குட்டி எல்லாத்துக்கும் வெளக்கிக்கிட்டு இருக்கணும்? எலும்புன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சிரும்லா" என்பாள். நான் தில்லியிலேயே, மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவள்; எங்களுக்கு அங்கே சொந்தமும் அக்கம்பக்கமும் ஒன்றுதான். ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பழைய அண்டைவீட்டார் எல்லாரும் இருக்கும்போது, அம்மா மறுபடி எலும்பு என்று ஆரம்பித்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றபடியே, "எலும்பு இல்ல, மனநல ஆஸ்பத்திரி" என்றேன். அம்மா வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. அதற்கப்புறம் எலும்புப் பேச்சையும் எடுக்கவில்லை.

இங்கே சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதச் சொன்னாள். இன்னொரு நிபந்தனையும் போட்டாள்: "என்னை பேச்சாரி ஆக்கிடாதீங்க மேம்." பேச்சாரி என்றால் இந்தியில் பாவப்பட்டவள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முப்பதை நெருங்கும் வயது அவளுக்கு. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், குருகிராமில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. அப்பா மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை, வாரக்கணக்கில் தூங்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகத் திட்டங்கள் போட்டுக்கொண்டு, யாராலும் பிடிக்க முடியாத வேகத்தில் அவள் ஓடினாள். பிறகு அப்படியே கீழே விழுந்தாள். எங்கள் வார்டில் இருந்து தேறி வீட்டுக்குப் போனாள். மனநிலையைச் சமமாக வைக்கும் மாத்திரை அவளைக் காப்பாற்றியது. கூடவே எடை ஏறியது, மூச்சு வாங்கியது, இரண்டு கைகளும் மெல்லிய அதிர்வாக எந்நேரமும் நடுங்கின. மனநல மருத்துவர் அவளை என்னிடம் அனுப்பினார்.

முதல் நாள் அப்பா, அம்மா, அவள் மூவரும் வந்தார்கள். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பேசியதெல்லாம் அப்பாதான்.

"நடுக்கம்தாம்மா பிரச்சினை. மத்தபடி அவளுக்கு ஒண்ணும் இல்ல."

நான் தமிழில் பதில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"தமிழா? எந்த ஊரு?"

"திருநெல்வேலிப் பக்கம் சார்."

"அட, நம்ம பக்கம்லா. திருநெல்வேலியில எங்க?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது தில்லியில் வளர்ந்தவளுக்கும் தெரியும். "ஆத்துக்குப் போற தெரு சார்" என்றேன். ஆற்றுக்குப் போகாத தெரு எங்கள் ஊரில் கிடையாது.

அவர்களை மேலே காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவளைக் கேட்டேன்.

"மெட்ரோ படி" என்றாள். "பாதியில நின்னுடறேன். பின்னாடி வர்றவங்க 'சலியே மேடம், சலியே'ன்னு, நடக்கச் சொல்லித் தள்றாங்க. எனக்கு நிக்காம ஏறணும். அப்புறம் ஆபீஸ் போகணும்."

"கை?"

தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கை நடுங்கட்டும் மேம். இதை வச்சு டைப் பண்ண முடியுது. பப்பாவுக்குத்தான் அது பிரச்சினை."

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வாரத்துக்கு இரண்டு முறை வந்தாள். முதலில் மெத்தையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கையை வைத்து, மூச்சை அந்தக் கைவரை கொண்டுவருவது. கேட்க எளிதாக இருக்கும். அவளுக்கு அது கைகூடவே நாளாயிற்று. பிறகு மரப்பெட்டி மேல் ஏறி இறங்குவது, சைக்கிள். இவற்றையெல்லாம் கடமைக்குச் செய்தாள். ஒருநாள் கனமான பந்து ஒன்றைக் கொடுத்துச் சுவரில் எறியச் சொன்னேன். முதல் எறிக்குச் சும்மா தொட்டு விழுந்தது. அப்புறம் அவளுக்குள் என்ன திறந்துகொண்டதோ, தொம் தொம் என்று சுவர் அதிர எறிந்தாள். சலவை அறைக்காரர் ஓடி வந்து, சுவர் இடிந்து தன் விரிப்புகள் மேல் விழுந்துவிடும் என்று இந்தியில் முறையிட்டார். "சாரி பையா" என்றாள்; பையா என்றால் இந்தியில் அண்ணா. அவர் போனதும் இன்னும் பலமாக எறிந்தாள். அவள் சிரித்து நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான்.

அடுத்ததாக அவளைப் பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கே அழைத்துப் போனேன். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் வந்த ஒருவர், "சைடு, சைடு" என்றார். அவள் நகரவில்லை. "பையா, அந்தப் பக்கம் முழுக்கக் காலியா இருக்கு" என்று இந்தியில் சொல்லிவிட்டு, தன் மூச்சு சரியானபிறகுதான் அடுத்த படியில் கால் வைத்தாள். அன்று அவள் நிற்காமல் ஏறவில்லை. ஆனால் யாரும் தள்ளவும் விடவில்லை.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் அப்பா தனியாக வந்தார். மழைக்கு முந்தைய புழுக்கம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நடைவழியில் என்னை நிறுத்தினார்.

"ஒரு சந்தோசமான விசயம்மா. ஊர்ல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. சாணக்யபுரி கெஸ்ட் ஹவுஸ்ல தங்குதாங்க. பையன் சிங்கப்பூர். நல்ல இடம்."

"நல்லது சார். உங்க பொண்ணுக்குச் சம்மதம்தானே?"

"அவ என்ன சொல்லப் போறா." அதோடு அதை முடித்துவிட்டார். "அன்னைக்கு ஒருநாள் மட்டும் கை நடுங்கக் கூடாது. காப்பித் தட்டக் கொண்டாந்து வைக்கணும்லா. அதுக்குத் தகுந்த பயிற்சியா பாத்துக் குடுங்க."

"இந்த நடுக்கம் பயிற்சியால போகாது சார். மாத்திரையால வர்றது. டாக்டர்கிட்ட கேட்டா அளவைப் பாத்து ஏதாவது செய்ய முடியுமான்னு சொல்லுவாங்க."

"மாத்திரையாலதான்னு எனக்கும் தெரியும்." குரலைத் தணித்தார். "அதான் கேக்கேன். ஒரு கொஞ்ச நாளைக்கு அத நிப்பாட்டிட்டா என்ன? அவங்க வந்து பாத்துட்டுப் போனப்பறம் திரும்ப ஆரம்பிச்சுக்கிடலாம். அவளுக்கே தெரிய வேண்டாம்."

நிதானமாகத்தான் சொன்னேன்.

"மாத்திரைய நிறுத்தினா கை நடுக்கம் நிக்கலாம் சார். பின்னாலயே அவங்க தூக்கமும் நின்னுடும். போன தடவை அவங்களை எப்படி இங்க கூட்டிட்டு வந்தீங்கன்னு மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அதனாலதான் சீக்கிரம் ஒரு வழி பண்ணணும்னு நெனைக்கேன். நீ நம்ம பக்கத்துப் பிள்ள. உனக்குப் புரியணும்."

"புரியுது சார். நான் இதை டாக்டர்கிட்ட சொல்லப் போறேன். உங்க பொண்ணுகிட்டயும் சொல்லப் போறேன். உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு முதல்ல உங்ககிட்ட சொல்றேன்."

அவர் முகம் மாறியது. பேச்சும் ஊரை விட்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டது. "நீங்க எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்க வந்தவங்க. அதோட நிறுத்திக்குங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். மகள் வார்டில் இருந்தபோது ஒருநாள் விடாமல் வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டுவந்தவர். அந்த அன்பை நான் சந்தேகப்படவில்லை. மகளை ஒளித்துவைத்தால்தான் காப்பாற்ற முடியும் என்று அந்த அன்பு நம்பியது. ஒளித்துவைக்க என் கையைக் கேட்டது. அதற்கு நான் தயாராக இல்லை.

மனநல மருத்துவர் பஞ்சாபிப் பெண்மணி, அதிகம் பேச மாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவளைத் தனியாக வரச் சொன்னார். என்னையும் கூட இருக்கச் சொன்னார்.

"மாத்திரையை யார் எடுத்துத் தர்றாங்க?" என்று கேட்டார்.

"மம்மி. டப்பால போட்டு வச்சுடுவாங்க."

மருத்துவர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இந்த வாரம் மாத்திரை பாதி பாதியாத்தான் வருது" என்றாள் அவள். "கேட்டா உடைஞ்சு போச்சுன்னு மம்மி சொன்னாங்க."

ஆக, ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள். என்னிடம் கேட்டது அனுமதிகூட இல்லை.

அவள் அழவில்லை. "டப்பா வேண்டாம். இனிமே மாத்திரைப் பட்டையை எங்கிட்டயே குடுங்க" என்றாள். அன்றே ரத்தப் பரிசோதனை நடந்தது. மருத்துவர் பெற்றோரை அழைத்துப் பேசினார். அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பா நேராக எங்கள் துறைத் தலைவரிடம் போனார் என்பது மட்டும் தெரியும்.

துறைத் தலைவர் என்னை அழைத்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த, சண்டை பிடிக்காத மனிதர்.

"நோயாளியின் குடும்ப விஷயத்தில் நீங்கள் தலையிடுவதாகப் புகார் வந்திருக்கிறது" என்றார். "உங்கள் வேலை தசையும் மூட்டும். அதற்கு மேல் நமக்கெதற்கு?"

"மாத்திரையை மறைத்து நிறுத்தப் போவதாக ஒருவர் என்னிடம் வந்து சொன்னால், தசை மூட்டு என்று இருந்துவிட முடியுமா சார்?"

"இருக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்."

"அவரிடம்தான் முதலில் சொன்னேன். அதைவிடப் பக்குவமாக எப்படிச் சொல்வது?"

மேஜை மேல் இருந்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும்."

"எதற்காக என்று மட்டும் சொல்லுங்கள் சார். கேட்கிறேன்."

அப்படியானால் அந்தப் பெண்ணை வேறொரு பிசியோதெரபிஸ்டிடம் மாற்றிவிடலாம் என்றார். அவளிடம் கேளுங்கள், அவள் போவதாகச் சொன்னால் நான் தடுக்க மாட்டேன் என்றேன். கேட்டார்கள். அவள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கொஞ்ச காலம் துறைத் தலைவர் லிஃப்டில் என்னைப் பார்த்தால் கைபேசியை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெண் பார்க்க வருவது மட்டும் நிற்கவில்லை. "வேண்டாம்னு சொல்லலாமே" என்றேன் அவளிடம்.

"வரட்டும் மேம். என்னைப் பாக்கத்தானே வர்றாங்க? பாக்கட்டும்."

அந்த நாளில் நான் அங்கே இல்லை. அடுத்த முறை வந்தபோது மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவளே சொன்னாள்.

மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா மூவரும் கெஸ்ட் ஹவுஸிலிருந்து டாக்சியில் வந்திருக்கிறார்கள். இவள் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. இவள் அம்மா எழுந்து தட்டை வாங்க வந்தாள். இவள் கொடுக்கவில்லை. தட்டை மேஜையில் வைத்தாள். கொஞ்சம் காப்பி சிந்தியிருந்தது. வைத்துவிட்டு நிமிர்ந்து சொன்னாள்:

"எனக்கு பைபோலார்னு ஒரு நோய் இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். அதனாலதான் கை நடுங்குது. மாத்திரையை விட மாட்டேன். கொஞ்ச நாள்ல வேலைக்குத் திரும்பிப் போறேன். வேற என்ன கேக்கணுமோ எங்கிட்டயே கேளுங்க."

இதை அவள் தமிழில் சொல்வதற்காகக் குளியலறையில் நின்று பழகியிருக்கிறாள். "இந்தின்னா ஈஸியா வந்திருக்கும். அவங்களுக்குப் புரியாதே. 'நோய்'னு சொல்றதுக்குப் பதிலா 'நாய்'னு சொல்லிடுவேனோன்னுதான் பயமா இருந்துது மேம். எனக்கு ஒரு நாய் இருக்குன்னு சொல்லியிருந்தா ஒருவேளை கல்யாணம் முடிஞ்சிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

யாரும் எதுவும் கேட்கவில்லையாம். மாப்பிள்ளை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்று இவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளையின் அம்மா மட்டும் பின்தங்கினாள். இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அந்த மாத்திர சாப்பிட்டா தூக்கம் வருமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"வரும் ஆன்ட்டி."

தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாளாம்.

"அந்த வீட்டுல யார் மேம் தூங்காம இருக்காங்க?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவளோடு வருவதையும். அம்மா மட்டும் வந்தாள். எப்போதும் மேலே காத்திருப்பவள், ஒருநாள் கீழே வந்து கதவருகே நின்று, "நானும் உள்ள இருக்கலாமா?" என்று கேட்டாள். நான் மகளைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து மகள் பந்து எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொல்வதுபோல, ஆனால் மகளுக்குக் கேட்கும்படி சொன்னாள். "நாந்தான் பாதியா உடைச்சேன். இவங்க அப்பா சொன்னாங்க, நானும் செஞ்சேன். அவ நல்லதுக்குன்னுதான் நெனைச்சேன்."

மகள் எறிவதை நிறுத்தினாள். சுவரோரம் கிடந்த இன்னொரு பந்தை, லேசானதாகப் பார்த்து, அவள் எடுத்து வந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"மம்மி, எறி."

"நானா? புடவையோடயா?"

"எறி."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். முதல் பந்து பக்கவாட்டில் போய்க் கண்ணாடித் திரையில் விழுந்தது. மூன்றாவதோ நான்காவதோ சுவரில் சரியாகப் பட்டது. சலவை அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனார்.

மழைக்காலம் முடியும் முன்பே அவள் வேலைக்குத் திரும்பினாள். முதலில் அரை நாள், பிறகு முழு நாள். மாத்திரையின் அளவை மருத்துவர் சற்றே மாற்றியதில் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது; போகவில்லை. மெட்ரோ படியை நிற்காமல் ஏறிய அன்று மேலே போய் நின்று எனக்குப் படம் அனுப்பினாள். கலங்கலாக, ஆடிப்போன படம். கீழே ஒரு வரி: "கை நடுங்கியது, கால் நடுங்கவில்லை."

அவள் அப்பாவைக் குளிர்காலத்தில் பார்த்தேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையோடு அவர் உள்ளே வந்தார். குறுகலான கடை, பார்க்காததுபோல் போக இரண்டு பேருக்குமே வழியில்லை.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"ம்." பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நீங்க அன்னைக்குப் பண்ணது தப்பு. இப்பவும் அதத்தான் சொல்லுதேன்."

"நான் பண்ணது சரி சார். நானும் இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

கடைக்காரர் எண்ணெய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆபீஸ்ல எல்லாரும் ரிஷிகேஷ் போறாங்கன்னு அவளும் கெளம்பிப் போயிருக்கா" என்றார் அவர். அது குற்றச்சாட்டா தகவலா என்று குரலில் தெரியவில்லை. "மாத்திர எடுத்துக்கிட்டியான்னு கேட்டேன். என் பையில இருக்கு, நீங்க கவலப்படாதீங்கன்னா."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"கல்யாணந்தான் ஒண்ணும் அமையல."

"அதுபாட்டுக்கு இருக்கட்டும் சார்."

அவர் என்னை முறைத்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் திரும்பி, மோர் மிளகாய் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்டார். நான் எண்ணெயை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டி வெளியே வந்தேன்.